ஒயின் எப்போது கெடுகிறது?

1860-களின் தொடக்கத்தில் பிரான்சின் ஒயின் வணிகம் பெரும் தொல்லையில் சிக்கியிருந்தது. பீப்பாயில் ஏற்றும்போது நன்றாக இருந்த சரக்கு, போய்ச் சேரும் இடத்தில் புளித்தோ, கசந்தோ, கொழகொழத்து நூலாக இழுபட்டோ கிடந்தது. 1863-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், இதற்குக் காரணம் கண்டு சொல்லும்படி லூயி பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் தான் வளர்ந்த ஆர்புவா என்ற சிற்றூருக்குப் போய் அங்கேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஊராரின் நிலவறைகளிலிருந்து நல்ல ஒயினையும் கெட்ட ஒயினையும் வாங்கித் துளித்துளியாக நுண்ணோக்கியில் பார்த்தார். புளித்ததில் ஒருவகை நுண்ணுயிர் இருந்தது, கசந்ததில் வேறொன்று, கொழகொழத்ததில் சங்கிலியாகக் கோத்த சின்னஞ்சிறு உருண்டைகள். ஒவ்வொரு கெடுதலுக்கும் அதற்கே உரிய உயிர் இருந்தது. 1866-இல் இதையெல்லாம் ஒரு நூலாக வெளியிட்டார்.

இது நடந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டில் செய்த ஒயின் கெட்டுப்போனால், பழியை இன்றும் கைராசியின் மேல்தான் போடுகிறார்கள். கேரளத்திலும் கோவாவிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் செய்வது பழைய வழக்கம். அவரவர் வீட்டுக்கு ஒரு செய்முறை இருக்கும். அது ஓர் ஆண்டு நன்றாக வரும், மறு ஆண்டு வினிகராகும். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கேரளத்திலும் உரிமம் இல்லாமல் செய்ய முடியாது. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை செய்யக் கூட்டரசின் விதி இடம் தருகிறது. செய்ய விரும்புபவர் தாம் வாழும் இடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிவியல் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

அந்த அறிவியலைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். வீட்டு ஒயினில் வரும் குறைகளில் பெரும்பாலானவை கெட்ட பொருளால் வருபவை அல்ல. நல்ல பொருளையும் நல்ல செயலையும் வேளை தவறிச் செய்வதால் வருபவை. காற்று, சத்து, கந்தகம், கிளறுதல், மூடுதல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளையில் அது மருந்து. வேளை தப்பினால் அதுவே நோய்.

சர்க்கரைக் கணக்கு

ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிக்கிறது. 180 கிராம் குளுக்கோஸிலிருந்து ஏட்டுக் கணக்குப்படி 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் வாயுவும் கிடைக்கும். நடைமுறையில், ஒரு லிட்டர் சாற்றில் 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீத ஆல்கஹால் என்று வைத்துக்கொள்ளலாம். 12 சதவீதம் வேண்டுமானால் லிட்டருக்கு 204 கிராம் போதும்.

நம் பக்கத்தில் பலரும் கைக்கொள்ளும் செய்முறையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ திராட்சை, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர். பழத்தில் ஏற்கெனவே சுமார் 150 கிராம் சர்க்கரை இருக்கும். எல்லாம் கலந்து கரைந்தால் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வரும். அப்படியானால் லிட்டருக்கு 450 கிராமுக்கும் மேல் சர்க்கரை. அவ்வளவையும் ஈஸ்ட் தின்று முடித்தால் 26 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் வர வேண்டும். வராது. பெரும்பாலான ஒயின் ஈஸ்டுகள் 14 முதல் 16 சதவீதத்தில் ஓய்ந்துவிடும். இவ்வளவு கெட்டியான பாகில் அந்த அளவைக்கூட அவை எட்டுவது அரிது.

பாகின் அடர்த்தி ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் தன்னைக் காத்துக்கொள்ளக் கிளிசராலை உற்பத்தி செய்கிறது. அப்போது உள்ளே ஏற்படும் வேதிச் சமநிலைக் குலைவைச் சரிக்கட்ட அசெட்டிக் அமிலத்தையும் சேர்த்து வெளியேற்றுகிறது. பாக்டீரியா எதுவும் நுழையாமலேயே ஒயினில் வினிகர் வாடை ஏற இது ஒரு காரணம். கடைசியில் கிடைப்பது திகட்டும் இனிப்பும் தொண்டையைக் குத்தும் புளிப்பும் கலந்த ஒரு பானம்.

வழி எளிது. தொடக்கத்தில் தேவையான அளவு சர்க்கரையை மட்டும் சேர்க்க வேண்டும். கூடுதல் வீரியம் வேண்டுமானால் நொதித்தல் சூடுபிடித்த பிறகு தவணை தவணையாகச் சேர்க்கலாம். கண்ணளவை நம்பாமல், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கிவிடுவது நல்லது. தண்ணீரில் அது 1.000 காட்டும். தொடக்கச் சாறு 1.085-க்கும் 1.090-க்கும் இடையில் இருந்தால் முடிவில் சுமார் 12 சதவீதம் கிடைக்கும். சர்க்கரை முழுதும் தீர்ந்தபின் ஒயின் தண்ணீரைவிட இலேசாகி 0.990-க்கும் 0.998-க்கும் இடையில் வந்து நிற்கும். வீட்டு ஒயினில் இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை.

காற்று: முதலில் வேண்டும், பிறகு வேண்டாம்

ஈஸ்டுக்குத் தொடக்கத்தில் ஆக்சிஜன் அவசியம். தன் செல் சவ்வை உறுதியாகக் கட்டிக்கொள்ளத் தேவையான ஸ்டெரால்களையும் சிலவகைக் கொழுப்பு அமிலங்களையும் அது ஆக்சிஜன் கொண்டுதான் தயாரிக்கிறது. அந்தச் சவ்வுதான் பின்னால் ஏறப்போகும் ஆல்கஹாலைத் தாங்க வேண்டும். அதனால் முதல் சில நாட்கள் துணியால் வேடுகட்டி, நாளுக்கு இரண்டு மூன்று முறை கிளறிவிடுவது சரியான செயல். கிளறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வாயு, திராட்சைத் தோலை மேலே தள்ளித் திரட்டிவிடும். அந்தத் திரள் காய்ந்து சூடேறினால் அசெட்டிக் பாக்டீரியாவுக்கு அதைவிட வசதியான குடியிருப்பு கிடைக்காது. தோலை அடிக்கடி சாற்றுக்குள் அமுக்கி நனைத்துவிட வேண்டும்.

ஆனால் பல வீடுகளில், 21 நாளும் தினம் மரக்கரண்டியால் கிளற வேண்டும் என்பது விதி. தவறு நுழைவது இங்கேதான். நொதித்தல் பொங்கும்வரை கார்பன் டை ஆக்சைடு மேலே படர்ந்து காவல் நிற்கிறது. பொங்கல் அடங்கியதும் அந்தக் காவல் விலகிவிடுகிறது. அதற்குப் பிறகு மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே போவது ஆக்சிஜன். அசெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு வேண்டியவை ஆல்கஹாலும் ஆக்சிஜனும். இரண்டையும் நாமே பரிமாறுகிறோம். அது ஆல்கஹாலை அசெட்டால்டிஹைடாக்கி, பிறகு வினிகரின் அமிலமாக்குகிறது. கூடவே எத்தில் அசெட்டேட்டும் சேர்ந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி எழும். இந்தப் பாக்டீரியாக்களைக் கால்களில் சுமந்து வருபவை பழ ஈக்கள். சமையலறையில் அவை வட்டமிடுவதைக் கண்டால் துணிக்கட்டில் இடைவெளி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பாக்டீரியா இல்லாவிட்டாலும் காற்று தன் வேலையைச் செய்யும். ஒயினிலுள்ள ஃபீனால்கள் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அது ஆல்கஹாலைத் தாக்கி அசெட்டால்டிஹைடாக்குகிறது. சிவப்பு நிறம் செங்கல் நிறமாகும். நறுக்கி வைத்து மறந்த ஆப்பிளின் வாடை வரும். பாஸ்டர் இதைக் கண்ணாடிக் குழாய்களில் செய்து காட்டினார். ஒரே ஒயினைச் சில குழாய்களில் நிரம்ப ஊற்றி மூடினார். சிலவற்றில் பாதிக்குக் காற்று விட்டு மூடினார். நிரம்பியவை மாறாமல் இருக்க, காற்று இருந்தவை நிறம் மாறி அடியில் வண்டல் கட்டின.

ஆகவே பொங்கல் அடங்கியதும் தோலைப் பிழிந்து நீக்கி, ஒயினைக் குறுகிய கழுத்துள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்ப வேண்டும். பாத்திரம் பெரிதாக இருந்து ஒயின் குறைவாக இருந்தால் சிறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், இடைவெளியை விட்டுவைக்காதீர்கள். வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் பொருத்துங்கள். நம் வெப்பத்தில் ஏர்லாக்கிலுள்ள தண்ணீர் விரைவில் வற்றும். அது வற்றினால் பாத்திரம் திறந்து கிடப்பதற்குச் சமம்.

ஈஸ்டின் பசி

நொதித்தல் பாதி வழியில் இருக்கும்போது சில நேரம் அழுகிய முட்டை நாற்றம் எழும். பலரும் பயந்து கீழே ஊற்றிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம், இது ஈஸ்டின் பசிக்குரல். ஈஸ்டுக்குச் சர்க்கரை மட்டும் போதாது, நைட்ரஜனும் வேண்டும். ஒரு லிட்டர் சாற்றில் ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன் 140 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அது குறைந்தால் கந்தகச் சேர்மங்களை அமினோ அமிலமாக்கும் வேலை பாதியில் நின்றுபோய், ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறுகிறது. தண்ணீரும் வெள்ளைச் சர்க்கரையும் அள்ளிச் சேர்க்கும் செய்முறைகளில் இந்த நாற்றம் அதிகம் வருவதற்குக் காரணம் அதுதான். சாறு நீர்த்துப்போகும்போது நைட்ரஜனும் நீர்த்துப்போகிறது.

இதற்கென ஈஸ்ட் ஊட்டச்சத்துப் பொடி கிடைக்கிறது. அதற்கும் வேளை உண்டு. சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். ஆல்கஹால் 9, 10 சதவீதத்தைத் தாண்டினால் ஈஸ்டால் அந்த நைட்ரஜனை உள்ளிழுக்க முடியாது. அப்போது போடும் சத்து கெடுக்கும் பாக்டீரியாவுக்குத்தான் விருந்தாகும்.

நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுதானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சம் ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய செம்புக் கம்பித் துண்டைப் போட்டுச் சில நிமிடம் சுழற்றுங்கள். பிறகு இரண்டையும் மாறி மாறி முகர்ந்து பாருங்கள். செம்பு போட்டதில் நாற்றம் மறைந்திருந்தால் அது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டது. சோதித்த ஒயினைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். மொத்தப் பாத்திரத்தில் செம்பைப் போடாதீர்கள். தொடக்கக் கட்டமாக இருந்தால் ஒயினைச் சலசலவென ஊற்றி வேறு பாத்திரத்துக்கு மாற்றினாலே வாயு பறந்துவிடும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் அது மெர்காப்டன் என்ற சேர்மமாகி வெங்காய நாற்றம் தரும். அதை வீட்டில் நீக்குவது மிகக் கடினம்.

செத்த ஈஸ்ட் படியும் அடிவண்டலும் இப்படித்தான். சில வாரம் கிடந்தால் கேடில்லை. கனத்த வண்டலின் மேல் மாதக்கணக்கில் ஒயினை விட்டுவைத்தால் நாற்றம் ஏறும். கலக்காமல், ரப்பர் குழாய் வைத்துத் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும்.

புளிப்பும் கந்தகமும்

ஒயினுக்குக் காவல் இரண்டு. ஒன்று அதன் சொந்த அமிலம். மற்றொன்று நாம் சேர்க்கும் சல்பர் டை ஆக்சைடு. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. வெப்பமான இடங்களில் விளையும் திராட்சை பழுக்கும்போதே தன் மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துவிடுகிறது. அதனால் நம் பக்கத்துத் திராட்சையில் இனிப்பு ஏறும்போதே புளிப்பு இறங்கிவிடும். மேலே தண்ணீர் வேறு சேர்த்தால் சொல்லவே வேண்டாம்.

கந்தகத்துக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற உப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதன் எடையில் சுமார் 57 சதவீதம் சல்பர் டை ஆக்சைடாக மாறும். நுண்ணுயிரைத் தடுப்பது அதில் மூலக்கூறு வடிவில் இருக்கும் சிறு பகுதி மட்டும்தான். அந்தப் பகுதி எவ்வளவு என்பதை, ஒயினின் புளிப்பைக் குறிக்கும் எண்ணான பிஎச் தீர்மானிக்கிறது. வெள்ளை ஒயினுக்குச் சொல்லப்படும் வழக்கமான அளவான லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் மூலக்கூறு வடிவைப் பெற, பிஎச் 3.2-இல் லிட்டருக்கு 20 மில்லிகிராம் தனிநிலை (வேறெதனோடும் பிணையாத) சல்பர் டை ஆக்சைடு போதும். 3.5-இல் 40 வேண்டும். 3.8-இல் 80 வேண்டும். 0.3 ஏறும்போதெல்லாம் தேவை இரட்டிப்பாகிறது. பிஎச் பார்க்காமல் யாரோ சொன்ன அளவில் உப்பைப் போடுபவர் ஒன்று காவல் இல்லாமல் விடுகிறார், அல்லது மூக்கைக் குத்தும் அளவுக்குப் போட்டுவிடுகிறார். முதலில் புளிப்பைச் சரிசெய்து பிறகு கந்தகத்துக்குப் போவதே முறை. புளிப்புக்குச் சேர்ப்பது டார்டாரிக் அமிலம். நம் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். லிட்டருக்கு ஒரு கிராம் சேர்த்தால் பிஎச் ஏறத்தாழ 0.1 இறங்கும்.

இங்கும் வேளை முக்கியம். திராட்சையை நசுக்கியதும் கந்தகம் சேர்த்தால், ஒரு நாள் ஆறவிட்டுப் பிறகே ஈஸ்ட் போட வேண்டும். இல்லையென்றால் ஈஸ்டுக்கும் அடி விழும். நொதித்தல் நடக்கும்போது சேர்க்கவே கூடாது. முடிந்து தெளியும்போது மறுபடி சேர்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடிக்கக் கொடுக்கும்போது சேர்த்திருப்பதைச் சொல்லிவிடுவது கடமை.

புளிப்பும் கந்தகமும் குறைந்த ஒயினில் வரும் விசித்திரமான குறை ஒன்று உண்டு. முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கிச் சில நொடி கழித்து எலிக்கூண்டு நாற்றம் வாய் முழுதும் பரவும். இதற்குக் காரணமான சேர்மங்கள் ஒயினின் அமிலத்தில் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கின்றன. எச்சிலில் கலந்து புளிப்பு தணிந்ததும் ஆவியாகி மூக்குக்கு ஏறுகின்றன. வந்துவிட்டால் இதற்கு மருந்தில்லை.

சுத்தம் செய்வதிலும் ஆபத்து

சுத்தத்துக்காக எடுக்கும் பிளீச்சிங் பவுடரே ஒயினைக் கெடுக்கக்கூடும். மரம், கார்க் போன்றவற்றில் குளோரின் பட்டால் குளோரோஃபீனால்கள் உருவாகலாம். பூஞ்சை அவற்றை டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ட்ரைகுளோரோஅனிசோலாக மாற்றுகிறது. ஈரக்கோணி, நனைந்த அட்டைப்பெட்டி வாடை இதுதான். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஐந்து நானோகிராம் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு கிராம் டிசிஏ 20 கோடி லிட்டர் ஒயினைக் கெடுக்கப் போதும். மரக்கரண்டிக்கும் கார்க்குக்கும் குளோரின் வேண்டாம். வெந்நீரில் கழுவி மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் அலசினால் போதும்.

பாத்திரமும் முக்கியம். இரும்பு, அலுமினியம், பித்தளை மூன்றும் ஒயினின் அமிலத்தில் கரையும். பழைய பீங்கான் ஜாடிகளின் மெருகில் ஈயம் இருக்கலாம். வாரக்கணக்கில் அமிலம் நின்றால் அது ஒயினில் இறங்கும். வரலாறு தெரியாத, மெருகில் விரிசல் விட்ட ஜாடியை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, நல்ல எவர்சில்வர், உணவுக்கென்றே செய்த பிளாஸ்டிக் இவையே நம்பகமானவை.

அடைக்கும் அவசரம்

கடைசித் தவறு பெரும்பாலும் பண்டிகை நெருங்கும்போது நடக்கிறது. குமிழி நின்றுவிட்டது, அடைத்துவிடலாம் என்று தோன்றும். குமிழி நிற்பது முடிந்ததற்கு அடையாளமல்ல. குளிரால் ஈஸ்ட் ஓய்ந்திருக்கலாம், வெப்பத்தால் தளர்ந்திருக்கலாம், பசியால் நின்றிருக்கலாம். அடைத்த பிறகு வெப்பம் மாறி அது விழித்துக்கொண்டால், வாயு போக வழியில்லை.

ஷாம்பெயின் செய்பவர்கள் வேண்டுமென்றே லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைக்கிறார்கள். அதிலிருந்து ஏறத்தாழ ஆறு வளிமண்டல அழுத்தம் உண்டாகும். அதைத் தாங்க அவர்கள் புட்டி கனத்த கண்ணாடியில் செய்யப்படுகிறது. ஹைட்ரோமீட்டர் 1.010 காட்டும்போது அடைக்கப்படும் ஒயினில் அதைவிடக் கூடுதல் சர்க்கரை இருக்கிறது. அடைப்பதோ சாதாரணப் புட்டியில். புட்டி வெடித்துக் கண்ணாடித் துண்டு கண்ணில் பாய்ந்தால் பார்வை போய்விடும். நொதிக்கும் காலத்திலும் இறுக்கி மூடக் கூடாது. பத்து லிட்டர் சாற்றில் இரண்டு கிலோ சர்க்கரை இருந்தால் மொத்தத்தில் சுமார் 500 லிட்டர் வாயு வெளியேற வேண்டும்.

ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டிலும் 1.000-க்குக் கீழே ஒரே எண் வந்தால்தான் முடிந்தது என்று பொருள். இனிப்பு வேண்டுமானால், தெளிந்த ஒயினில் கந்தகத்தோடு, ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட்டும் சேர்த்து, பிறகு இனிப்பூட்டலாம். சார்பேட்டை மட்டும் தனியாகப் போடாதீர்கள். லாக்டிக் பாக்டீரியா இருந்தால் அதைச் சிதைத்து, கசக்கிய ஜெரேனியம் இலையின் வாடையைக் கொண்டுவந்துவிடும். அதையும் நீக்க முடியாது.

மெத்தனால் பற்றிய பயம்

வீட்டு ஒயின் விஷமாகுமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் எழுவது இயல்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அந்த மெத்தனால் நொதித்தலில் பிறந்ததல்ல, ஆலையில் தயாராவது. பழத்தின் பெக்டினிலிருந்து ஒயினிலும் சிறிதளவு மெத்தனால் இயல்பாக உருவாகும். சர்வதேச திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம், வெள்ளைக்கு 250 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒழுங்காக நொதித்த திராட்சை ஒயின் பொதுவாக இந்த வரம்புக்குள்தான் இருக்கும். ஆனால் ஒயினைக் காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு செயல். அதை வீட்டில் யாரும் முயலக் கூடாது.

குறிப்பேடு

பாஸ்டர் நமக்குக் கொடுத்த பெரிய கொடை, கெட்டுப்போவதற்குக் காரணம் உண்டு, அதைத் தேடினால் கிடைக்கும் என்ற உறுதி. அந்த உறுதியை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு குறிப்பேடு போதும். பழம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ஹைட்ரோமீட்டர் எண், அறையின் வெப்பம், என்றைக்கு மாற்றினோம், என்ன வாடை வந்தது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு ஒயின் வேறு விதமாக வந்தால் எங்கே மாறியது என்பது அந்தப் பக்கங்களில் தெரியும். கைராசிக்காரர் என்று ஊர் சொல்பவர்கள் உண்மையில் இந்த வேளைகளை அனுபவத்தால் அறிந்தவர்கள். எழுதி வைத்தால் அந்த அறிவு அவர்களோடு போய்விடாமல் அடுத்தவருக்கும் வந்து சேரும்.

பாத்திரத்தின் அருகில் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஒயின் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? பொங்கும் கட்டமென்றால் கிளறுங்கள். அடங்கிய கட்டமென்றால் நிரப்பி மூடுங்கள். எந்தக் கட்டம் என்று தெரியவில்லை என்றால் ஹைட்ரோமீட்டரை எடுங்கள். அதுவும் கையில் இல்லை என்றால் மூடியைத் திறக்காதீர்கள்.